‘திவால்’ என்று தலைப்பிடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் கொங்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு நூற்பாலையைப் பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. தலைப்பில் ‘திவாலானது’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. செய்தியைக் கடைசிவரை படித்தவர்களுக்கு மட்டுமே, ஆலைக்குக் கடன் கொடுத்த வங்கி தேசிய நிறுவனங்கள் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுக் கொடுத்திருக்கிறது என்பதும், அந்த மனுவை ஏற்பதா வேண்டாமா என்ற விசாரணையே இன்னும் முடியவில்லை என்பதும் தெரிந்திருக்கும். உள்ளே எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தலைப்பு அவர் எழுதியதைப் பொய்யாக்கிவிட்டது. இந்தக் கடிதம் அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

நான் ஈரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் 38 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பேரேட்டோடும் ஐந்தொகையோடும் வாழ்ந்தவன் என்பதால் மட்டும் இந்தச் சொல் என்னை உறுத்தவில்லை. என் தகப்பனார் கருங்கல்பாளையத்தில் நூல் கடை வைத்திருந்தார். ஆலைகளிலிருந்து நூல் வாங்கி, சென்னிமலை, பவானிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் வெளியூர் வியாபாரிகளுக்கும் கடனுக்குக் கொடுத்து, துணி விற்ற பிறகு பணம் வாங்கிக்கொள்வது அவர் தொழில். 1983இல் வெளியூர் வியாபாரி ஒருவர் கொடுத்திருந்த காசோலைகள் அடுத்தடுத்துத் திரும்பி வந்தன. அப்போது அப்பாவிடம் சரக்கு இருந்தது, வீடு இருந்தது, ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் காடு இருந்தது. ரொக்கம் மட்டும் இல்லை. நூல் கொடுத்த ஆலையிடமும் வட்டிக்குக் கொடுத்தவர்களிடமும் மூன்று மாதத் தவணை கேட்டார், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வாரத்தில்தான் உள்ளூர் வார ஏடு ஒன்று ‘நூல் வியாபாரி திவால்’ என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டது. பெயரைப் போடவில்லை, தெருவைப் போட்டிருந்தது. அந்தத் தெருவில் நூல் கடை ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தவணைக்குச் சம்மதித்திருந்த ஆலை பழைய பாக்கியை உடனே கட்டச் சொன்னது. புதுச் சரக்கை நிறுத்தியது. தறிக்காரர்களில் சிலர், கடையே போய்விட்டது, இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று தங்கள் பாக்கியைத் தராமல் இருந்துவிட்டார்கள். பண நெருக்கடியாக இருந்தது நொடிப்பாக மாறியது அந்தச் செய்திக்குப் பிறகுதான். அப்பா எந்த நீதிமன்றத்திலும் மனுக் கொடுக்கவில்லை. காட்டையும் வீட்டையும் விற்று, நான்கு ஆண்டுகளில் ரூபாய்க்குப் பதினாறணாவும் கட்டி முடித்தார். கட்டி முடித்த செய்தியை எந்த ஏடும் போடவில்லை. 2004இல் அவர் காலமானபோது துக்கம் கேட்க வந்த ஒருவர், “மஞ்சள் கடுதாசி கொடுத்த நூல் கடைக்காரர்தானே?” என்று என் தம்பியிடமே கேட்டார்.

சொந்தக் கதையை இவ்வளவு நீளமாக எழுதியதற்குப் பொறுத்தருள வேண்டும். பொதுவாக ஒரு சொல், நடந்ததைச் சொல்லும். கடன் சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும், சொல்லப்பட்ட மாத்திரத்தில், இன்னும் நடக்காததையும் நடக்க வைத்துவிடக்கூடியவை. வியாபாரம் நம்பிக்கையில் ஓடுகிறது. நம்பிக்கையை எடுத்துவிடும் சொல்லை எழுதுகிறவர் அது எந்தக் கட்டத்துக்கு உரிய சொல் என்று பார்த்து எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா என்றால், இல்லவே இல்லை. எங்கள் கடைவீதியில் ஒரு வியாபாரம் கெடுவதன் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிச் சொல் இருந்தது. முதலில் ‘கையைக் கடிக்கிறது’ என்பார்கள். லாபம் குறைந்து கைப்பணம் போகிறது என்று பொருள். அடுத்து ‘பணம் மாட்டிக்கொண்டது’ அல்லது ‘ரொட்டேஷன் நின்றுவிட்டது’ என்பார்கள். சொத்து இருக்கிறது, வரவேண்டியது வரவில்லை. ‘முதலுக்கே மோசம்’ என்றால் நட்டம் கைமுதலைத் தின்னத் தொடங்கிவிட்டது. ‘நொடித்துவிட்டார்’ என்றால், இருப்பதையெல்லாம் விற்றாலும் கொடுக்க வேண்டியதற்குப் போதாது. அதற்குப் பிறகுதான் ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்ற பேச்சு வரும். ஐ.பி. என்பது நீதிமன்றத்தில் கொடுக்கும் இன்சால்வென்சி பெட்டிஷன். மஞ்சள் கடுதாசி என்பதும் அதையே குறித்தது. இவற்றில் எதையும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட்டுப் பெரியவர்கள் பேசி நான் கேட்டதில்லை. பணம் மாட்டிக்கொண்டவரை நொடித்தவர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கடன் கொடுத்தவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவதற்கும் ஒரு சொல் இருந்தது: ‘பைசல்’. ‘ரூபாய்க்கு ஆறணா பைசல்’ என்றால், நூறு ரூபாய் வரவேண்டியவர் முப்பத்தேழரை ரூபாய் வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்று பொருள். இன்று வங்கிகள் நூற்றுக்கு இத்தனை விட்டுக்கொடுத்தன என்பதை ‘ஹேர்கட்’ என்று எழுதுகிறோம். சில செய்திகளில் அது ‘முடிவெட்டு’ என்றே மொழிபெயர்க்கப்பட்டு வருகிறது. ரூபாய்க்கு இத்தனை அணா என்று சொன்ன மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லால் என்ன விளங்கும்? ‘ரூபாய்க்கு 30 காசு மட்டுமே திரும்பக் கிடைத்தது’ என்று எழுதினால் படிக்கிற அனைவருக்கும் விளங்கும்.

‘திவால்’ என்ற சொல்லின் மீது எனக்கு மொழிப்பகை எதுவும் இல்லை. அது வடக்கிலிருந்து வந்த சொல். தெலுங்கில் திவாலா, கன்னடத்தில் திவாளி என்று நம்மைச் சுற்றிலும் வழங்குகிறது. நொடித்துப்போன வணிகர் கடையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு விலகிவிடுவார், கணக்குகள் வெளியிடப்பட்டுக் கடன் கொடுத்தவர்கள் சமாதானமான பிறகே திரும்புவார், அந்த விளக்கிலிருந்தே சொல் பிறந்தது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. அறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. எப்படியிருந்தாலும் அது ஒரு முடிவை, ஊரறிந்த அறிவிப்பைக் குறித்த சொல். அதைத் தொடக்கத்துக்கே வைத்துவிட்டால், உண்மையான முடிவு வரும்போது சொல்ல நம்மிடம் சொல் இருக்காது.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் செய்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நொடிப்பு (இன்சால்வென்சி), திவால் (பேங்க்ரப்ட்சி) என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம் செய்திகளில் ஒன்றை விட்டுவிட்டுத் ‘திவால் சட்டம்’ என்று சுருக்கிவிட்டோம். அந்தச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம் ‘திவாலானது’ என்று யாரும் அறிவிப்பதே இல்லை. திவாலானவர் என்று அறிவிக்கும் ஆணை தனிநபர்களுக்கும் கூட்டு வணிகங்களுக்கும் உரிய பகுதியில் வருவது. நிறுவனத்துக்கு நடப்பது வேறு. நிறுவனம் தவணை தவறியதைக் காட்டி, கடன் கொடுத்தவரோ நிறுவனமோ மனுச் செய்கிறார்கள். தவறிய தொகை குறைந்தது ஒரு கோடி ரூபாயாவது இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வரம்பு உயர்த்தப்பட்டது, அதற்கு முன் அது ஒரு லட்சம். தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்டால், நிர்வாகம் பழைய இயக்குநர்களின் கையிலிருந்து ஒரு தீர்வு வல்லுநரிடம் போகிறது. நிறுவனத்தின் மீதான வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. நிறுவனத்தை எடுத்து நடத்த யார் முன்வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள். கடன் கொடுத்தோர் குழுவில் 66 சதவீத வாக்குப் பெற்ற திட்டம் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குப் போகிறது. 180 நாட்கள், தேவைப்பட்டால் மேலும் 90 நாட்கள், வழக்குகளில் செலவாகும் காலத்தையும் சேர்த்து 330 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் அதைத் தாண்டிப் போவது உண்டு. இந்தக் காலம் முழுவதும் ஆலை ஓடலாம், சம்பளம் போடலாம், சரக்கு வாங்கலாம், விற்கலாம். எந்தத் திட்டமும் தேறாவிட்டால்தான் கலைப்பு ஆணை வரும்.

கலைப்பு என்பதுதான் ஒரு நிறுவனத்தின் சாவு. அதற்கு முந்தையதெல்லாம் சிகிச்சை. 2019 ஜனவரியில் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், இது வெறும் கடன் வசூல் சட்டம் அன்று, நிறுவனத்தை மீட்டெடுப்பதே இதன் முதன்மை நோக்கம் என்று சொல்லியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரைப் பற்றி ‘காலமானார்’ என்று தங்கள் நாளிதழ் ஒருபோதும் எழுதாது. ஆலைக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்றே கேட்கிறேன்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்கிட் பார்மா 2017இல் இந்த நடவடிக்கைக்குள் போனது. முதலில் வந்த திட்டம் நிறைவேறாமல் போய், பிறகு தனுகா லேபரட்டரீஸ் அதை எடுத்து, 2020இல் நிர்வாகம் கைமாறியது; நிறுவனம் இன்றும் மருந்து தயாரிக்கிறது. எஸ்ஸார் ஸ்டீல் நிறுவனத்தை 2019 டிசம்பரில் ஆர்சிலர் மிட்டலும் நிப்பான் ஸ்டீலும் சேர்ந்து சுமார் 42,000 கோடி ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டன. குஜராத்தின் ஹசீராவில் அதன் உலை அணையவில்லை. இதற்கு மாறாக, 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸுக்கு மீட்புத் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றும் நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போக, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க ஆணையிட்டது. இவை மூன்றையும் நாம் ஒரே சொல்லால், ‘திவாலான நிறுவனம்’ என்றுதான் எழுதினோம். உயிர் பிழைத்ததற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல்லைப் படித்துத் தொழிலாளியோ பங்கு வைத்திருப்பவரோ என்ன முடிவுக்கு வருவார்?

சிறு வியாபாரியின் நிலையும் செய்திகளில் தெளிவாக வருவதில்லை. 2016 சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றவர்கள் அளவில் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் பழைய சட்டங்கள்தான்: சென்னை போன்ற பெருநகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 1920 சட்டத்தைப் படித்துப் பார்த்தால் எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்தோடு ஊரைவிட்டுப் போவது, பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று அவர்களுக்கு அறிவிப்பது போன்ற சில செயல்களை அது பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்றைச் செய்தவர் மீதுதான் கடன் கொடுத்தவர் மனுச் செய்ய முடியும். மனு விசாரிக்கப்பட வேண்டும். அதன்பின் நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரான ரிசீவர் வசம் போகும். பிறகு, நேர்மையாக நடந்துகொண்டவர் விடுவிப்பு ஆணை கேட்கலாம். அது கிடைத்தால் அவர் மறுபடியும் தலைநிமிர்ந்து தொழில் தொடங்கலாம். ‘விடுவிப்பு’ என்ற இந்தக் கடைசிப் படி நம் பேச்சில் இல்லவே இல்லை. அரசமைப்புச் சட்டம்கூட, விடுவிப்புப் பெறாத நிலையில் இருப்பவரைத்தான் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தகுதியற்றவர் என்கிறது. விடுவிப்புப் பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. ஊர் வாயில் மட்டும் ஒருமுறை திவாலானவர் ஆயுளுக்கும் திவாலானவர்தான்.

நொடிப்பையும் மோசடியையும் ஒன்றாக்குவது இதைவிடப் பெரிய தீங்கு. 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. தென்மாவட்டங்கள் வரை எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதில் இருந்தது. அதன் பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். நொடித்ததற்காக அவருக்குச் சிறை கிடைக்கவில்லை; மோசடிக்காகக் கிடைத்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் நம்மவர்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியது. 1990களில் நம் ஊர்களில் அதிக வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை வாங்கிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது, மக்கள் அவற்றைத் திவாலானவை என்று சொல்லவில்லை. ‘ஃபைனான்ஸ் ஓடிப்போய்விட்டது’ என்றார்கள். எவ்வளவு சரியான சொல்! அதற்காக வைப்பீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு அரசு 1997இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நாமம் போட்டவரும் நொடித்தவரும் வேறு வேறு ஆட்கள் என்பது தெருவில் நிற்கிறவருக்குத் தெரிகிறது. செய்தித் தலைப்பில் இருவரும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். அதில் பயனடைகிறவர் மோசடிக்காரர், தலைகுனிகிறவர் என் தகப்பனாரைப் போன்றவர்.

வங்கிகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2020 நவம்பர் 17 மாலை, கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியின் மீது மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்து, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. அன்று இரவு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, ‘பாங்க் திவாலாமே?’ என்றே தொடங்கின. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டு, தடை நீங்கியது. வைப்புத்தொகை முழுவதும் காப்பாற்றப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்கள்தான் அனைத்தையும் இழந்தார்கள். ‘வைப்புத்தொகை வைத்தவர்’, ‘பங்குதாரர்’ என்று பிரித்துச் சொல்லாமல் ஒரே சொல்லைப் போட்டதால், அந்தப் பத்து நாளும் தூங்காமல் இருந்த முதியவர்களை நான் அறிவேன். வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு என்பதும், கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960இல் முறிந்ததற்குப் பிறகு பிறந்த அந்த ஏற்பாட்டின் வரம்பு 2020 பிப்ரவரியிலேயே ஐந்து லட்சமாக உயர்ந்துவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

‘முறிந்தது’ என்று இப்போது எழுதினேன். வங்கிக்கு எங்கள் பெரியவர்கள் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். ‘பாங்க் முறிந்தது’ என்பார்கள். இத்தாலிய மொழியில் இதற்கான பழைய சொல்லும் ‘முறிந்த பலகை’ என்றே பொருள்படுமாம். நாணய மாற்று வணிகர் உட்கார்ந்த பலகை. அந்தச் சொல் ஐரோப்பிய மொழிகள் வழியாக இலங்கைக்குப் போய் ‘வங்குரோத்து’ ஆனது. நம் ஊர் எழுத்தாளர்கள் சிலர் அதைக் கொச்சை என்று கருதித் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. இலங்கைத் தமிழில் அது பத்திரிகையிலும் நாடாளுமன்றப் பேச்சிலும் வேரூன்றிய சொல். திருத்த வேண்டியது வேறு. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு, சுமார் 5,100 கோடி டாலர் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அதை இங்கே ‘இலங்கை திவால்’ என்று எழுதினோம். ஒரு நாட்டைத் திவாலானது என்று அறிவிக்க எந்த நீதிமன்றமும் இல்லை. அதன் சொத்தை எடுத்துக்கொள்ள ரிசீவர் வர முடியாது. அதைக் கலைக்கவும் முடியாது. அங்கே நடந்தது கடன் செலுத்தாமை, பிறகு கடன் கொடுத்தவர்களோடு பேச்சு, பிறகு மறுசீரமைப்பு. அங்குள்ள தலைவர்களே வங்குரோத்து என்று வேதனையோடு சொன்னார்கள் என்பது உண்மைதான். வரிசையில் எரிபொருளுக்கு நின்ற மக்கள் அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை உடையவர்கள். செய்தியாளர் அதோடு கூட, எது நின்றது, யாருக்கு நின்றது என்பதையும் எழுத வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது இந்தக் குழப்பத்தின் மறுபக்கம். ‘தள்ளுபடி’. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்தக் கடன் அத்துடன் தீர்ந்தது. விவசாயி இனிக் கட்ட வேண்டியதில்லை. ஒரு வங்கி, வராது என்று கருதி முழுத்தொகைக்கும் ஒதுக்கீடு செய்த கடனைத் தன் ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறதே, அதையும் தள்ளுபடி என்றே எழுதுகிறோம். அது கணக்கிலிருந்து நீக்குதல். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, வழக்கு தொடர்கிறது, வசூலானால் வரவு வைக்கப்படுகிறது. நீக்கிய பிறகு வசூல் எவ்வளவு குறைவு என்று கேள்வி கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் ‘பணக்காரர்களின் கடனைத் தள்ளுபடி செய்தார்கள்’ என்று படிக்கிற விவசாயி, தனக்கு நடந்ததே அவர்களுக்கும் நடந்தது என்று எண்ணிக்கொள்கிறார். ‘கணக்கு நீக்கம்’ என்று எழுத இரண்டே சொற்கள்தான் ஆகும். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி, கூட்டுறவு வங்கியில் கடன் தள்ளுபடி என்று ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கும் சொல்லின் தலையில் நான்காவது சுமையையும் ஏற்ற வேண்டாம்.

‘கடன்காரர்’ என்பதும் அப்படித்தான். வாசலில் வந்து நிற்பவரும் கடன்காரர், உள்ளே ஒளிந்திருப்பவரும் கடன்காரர். பேச்சில் குரலும் சூழலும் பொருளைக் காட்டிவிடும். அச்சில் ‘கடன்காரர்கள் கூட்டம் நடந்தது’ என்றால் யார் கூடினார்கள் என்று தெரியாது. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் என்று நீட்டி எழுதுவதில் இழப்பு ஏதும் இல்லை.

தலைப்புக்கு இடம் குறைவு, ‘திவால்’ மூன்றே எழுத்து என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ‘நொடிப்பு’ நான்கெழுத்துத்தான், ‘கலைப்பு’ம் நான்கெழுத்துத்தான். ‘ஆலை மீது நொடிப்பு மனு’ என்று போட்டிருந்தால் சென்ற வாரத் தலைப்பு அதே இடத்தில் அடங்கியிருக்கும், உண்மையாகவும் இருந்திருக்கும். மனு, நொடிப்பு நடவடிக்கை, மீட்புத் திட்டம், கலைப்பு என்ற நான்கையும் நிறுவனங்களுக்கு வைத்துக்கொண்டு, ‘திவால்’ என்பதை நீதிமன்றம் அறிவித்த தனிநபருக்கு மட்டும் ஒதுக்கித் தங்கள் செய்திப் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்த இயலுமா என்று பணிவோடு கேட்கிறேன். கடன் மீண்டவர்களைப் பற்றியும், விடுவிப்பு ஆணை பெற்றவர்களைப் பற்றியும், முதலில் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

சென்ற வாரச் செய்தியில் வந்த ஆலையில் வேலை செய்கிற இருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். செய்தி வந்த மறுநாள், பஞ்சு அனுப்புகிறவர் ரொக்கம் கொடுத்தால்தான் இனி லாரி வரும் என்று சொல்லிவிட்டதாக அவர்கள் என்னிடம் சொன்னார்கள். மனு ஏற்கப்படுமா என்பது அடுத்த மாத விசாரணையில் தெரியும். அன்று தீர்ப்பாயம் என்ன சொல்கிறதோ, அது எந்தக் கட்டம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். அதற்கு முன், சென்ற வாரத் தலைப்புக்கு இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டால், அதை வெட்டி எடுத்துப் பஞ்சுக்காரரிடம் காட்ட அவர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
ஈரோடு.